முடங்கிய சொத்துகள்: தியேகோ ரிவேராவின் ஓவியம் காட்டும் நிதியமைப்பு

எதிர்ப்பு ஓவியம் என்றதும் பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவது கேலிச்சித்திரமே. தொப்பை பெருத்த முதலாளி, கையில் சுருட்டு, காலடியில் ஏழை. இவ்வகைச் சித்திரம் சினத்தைக் காட்டும். பணம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டாது. நிதியமைப்பையே ஓர் ஓவியத்தால் விமர்சிக்க இயலுமா? மெக்சிகோ நாட்டு ஓவியர் தியேகோ ரிவேரா (1886–1957) இதற்குத் தந்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரிவேராவும் கேலியில் கைதேர்ந்தவர்தாம். மெக்சிகோ நகரின் கல்வி அமைச்சுக் கட்டடத்தில் அவர் 1928-இல் தீட்டிய சுவரோவியங்களுள் ஒன்று ‘வால் ஸ்திரீட் விருந்து’. ராக்ஃபெல்லர், மார்கன், ஃபோர்ட் ஆகிய செல்வர்கள் விருந்து மேசையில் அமர்ந்திருக்கின்றனர். மேசையில் நீண்டு கிடப்பது பங்கு விலை அச்சிட்ட பொன்னிற நாடா. பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது. ஆனால், இவர்கள் நல்லவர்களாக இருந்திருந்தால் சிக்கல் தீர்ந்திருக்குமோ என்ற ஐயமும் உடன் எழுகிறது. குற்றம் ஆளிடமா, அமைப்பிடமா என்பதற்கு அவ்வோவியத்தில் விடையில்லை.

விடை 1931-இல் நியூயார்க்கில் கிடைத்தது. அப்போது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. 1930 டிசம்பரில் அந்நகரின் ‘பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ மூடப்பட்டது. (பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று எண்ணிவிட வேண்டாம், அது தனியார் வங்கியே.) இத்தகைய சூழலில்தான் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ரிவேராவை அழைத்தது. 1931 டிசம்பர் 22 முதல் 1932 ஜனவரி 27 வரை நடந்த அக்கண்காட்சியை 56,000-க்கும் மேற்பட்டோர் கண்டனர். அதற்காக அவர் தீட்டியவற்றுள் ஒன்றே ‘ஃப்ரோசன் அசெட்ஸ்’.

இவ்வோவியம் நகரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறது. மேலே வானளாவிய கட்டடங்கள், பாரந்தூக்கிகள், வேலைக்குச் செல்லும் கூட்டம். நடுவே இரும்பும் கண்ணாடியுமான நீண்ட கொட்டகை. அதற்குள் வீடற்ற மனிதர்கள் வரிசை வரிசையாகப் படுத்துறங்குகின்றனர். அதற்கும் கீழே, நிலத்தடியில், வங்கியின் பெட்டக அறை. காவலர் ஒருவர், எழுத்தர் ஒருவர், தம் சொத்தைப் பார்த்துவரக் காத்திருக்கும் மூவர்.

இதில் வில்லன் யாருமில்லை. காத்திருக்கும் மூவரும் கொடியவர்களாகத் தோன்றவில்லை. தம் பணத்தைச் சரிபார்க்க வந்தவர்கள், அவ்வளவே. எனினும் மூன்று அடுக்குகளையும் ஒருசேரப் பார்க்கும்போது நமக்கு உறுத்துகிறது. கட்டடத்தை எழுப்பும் உழைப்பு நடுவில் உறங்குகிறது; அவ்வுழைப்பு ஈட்டிய செல்வம் அடியில் விழிப்போடு காக்கப்படுகிறது. இரண்டுமே வெளியே வரவில்லை. மந்தநிலைக் காலத்தில் நேர்வதும் இதுதானே!

கணக்கியல் படிப்போர் ‘ஃப்ரோசன் அசெட்ஸ்’ என்ற சொல்லை அறிவர். உடைமையாக இருந்தும் உடனே காசாக்க முடியாத சொத்து அது. ‘உறைந்த சொத்து’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குளிர்பதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ‘முடங்கிய சொத்து’ என்பதே பொருத்தம். பணமும் முடங்கும், ஆளும் முடங்கிக் கிடப்பான். பெட்டகத்தில் கிடப்பது சொத்தா, கொட்டகையில் கிடப்பவர்கள் சொத்தா என்று ஓவியம் கேட்பதை நம் தமிழ்ச்சொல் ஒன்றே தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில்கூட இது இவ்வளவு இயல்பாக அமையவில்லை என்பேன்.

ஓவியம் செய்யப்பட்ட முறையும் கவனிக்கத்தக்கது. ரிவேரா கையாண்டது ஃபிரெஸ்கோ முறை. ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல், நீரில் குழைத்த வண்ணப்பொடியைத் தீட்ட வேண்டும். பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகும்போது வண்ணமும் சுவரோடு சுவராகிவிடும். எனவே, அதைக் கழற்றி விற்பது எளிதன்று. ஏலத்தில் விலை ஏற்றுவதும் எளிதன்று. சந்தைக்கு எட்டாத கலையாகவே சுவரோவியம் போற்றப்பட்டது. அருங்காட்சியகத்திற்கோ இடம் மாற்றத்தக்க ஓவியம் தேவைப்பட்டது. ஆகவே, ரிவேரா இரும்புச் சட்டத்தில் சிமெண்டு பூசிய பலகைகளில் தீட்டினார். நிதியமைப்பைச் சாடிய ஓவியம் தானும் ஒரு சொத்தாயிற்று. அந்த அருங்காட்சியகத்தை நிறுவியவர்களுள் ஒருவர் ஏபி ராக்ஃபெல்லர் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

அப்படியானால் சுவரிலேயே தீட்டியிருந்தால் தப்பியிருக்குமா? சுவருக்கும் உரிமையாளர் உண்டே! 1933-இல் ராக்ஃபெல்லர் மையத்தின் முதன்மைக் கட்டடத்தில் ரிவேரா தீட்டிய சுவரோவியத்தில் லெனினின் முகம் இடம்பெற்றது. அதை நீக்குமாறு நெல்சன் ராக்ஃபெல்லர் கடிதம் எழுதினார். ரிவேரா மறுத்தார், வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன் என்றார். மே 9-ஆம் நாள் வேலை நிறுத்தப்பட்டது. பேசிய 21,000 டாலர் முழுமையாக வழங்கப்பட்டது. ஒப்பந்தப்படி யாருக்கும் பாக்கியில்லை. சுவரோடு ஒன்றிவிட்ட ஓவியமாதலால் அது 1934 பிப்ரவரியில் உடைத்தே அகற்றப்பட்டது. பலகையில் தீட்டிய ‘முடங்கிய சொத்துகள்’ இன்றும் மெக்சிகோவின் டோலோரஸ் ஓல்மெடோ தொகுப்பில் உள்ளது.

உடைபட்ட ஓவியத்தை ரிவேரா அதே ஆண்டில் மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் மீண்டும் தீட்டினார். இம்முறை இளைய ஜான் ராக்ஃபெல்லரையும் அதில் சேர்த்தார். மதுவைத் தொடாதவர் என்று பெயர் பெற்ற அவர், அங்கே கேளிக்கை விடுதியில் மதுவும் மங்கையருமாய்க் காட்சியளிக்கிறார். பழையபடி கேலிச்சித்திரந்தான்.