எண்ணும் உரிமையும்

வாணிகத்திற் போட்டி உண்டெனின் மக்கட்கு நன்மை தானே விளையும் என்பர் சிலர். அஃது எஞ்ஞான்றும் உண்மையன்று. கைப்பேசியின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

முன்னர் ஒருவன் ஒரு நிறுவனத்தின் சேவையை வெறுத்து நீங்கின், தன் எண்ணையும் இழத்தல் வேண்டும். உற்றாரும் நண்பரும் அறிந்த எண்ணை விடற்கு அஞ்சி, அவன் குறை பொறுத்துக் கிடந்தான். நிறுவனங்கள் பல இருந்தும் அவனுக்குப் பயனில்லை. 1997-ல் நிறுவப்பெற்ற இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, 2010 நவம்பரில் அரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை மக்கட்குக் கிட்டிற்று. எனினும் நிலுவைத் தொகை செலுத்தாதார்க்கும், சேர்ந்து 90 நாள் நிறையாதார்க்கும் அவ்வுரிமை இல்லை. இங்ஙனம் கொள்வோர், விற்போர் இரு திறத்தாரும் காக்கப்பட்டனர்.

ஆயினும், செல்லுமிடம் பல உளவாயினன்றோ செல்லும் உரிமை பயன்படும்? 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியிற் கட்டணத்தை உயர்த்தியபோது, மாற விழைந்தார்க்கு எஞ்சிய புகலிடம் அரசு நிறுவனமே. ஆகலின் கதவைத் திறந்துவைத்தல் மட்டும் போதாது. புறத்தே வீடுகள் பல நிலைபெறுமாறு காத்தலும் ஒழுங்குமுறையின் கடனாம்.