படம் சாய்த்து வைக்க ஒரு பலகை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

படம் மாட்ட ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று பழைய போட்டோக்களை எல்லாம் பரணில் போட்டுவிட்டாயாம், உன் அப்பா சொன்னான். மனசு கேட்கவில்லை. 3 அடி நீளத்தில் ஒரு பலகைத் தட்டு செய்து மாட்டம்மா. சுவரில் மூன்று துளைதான். படங்களை அதில் சாய்த்து வைக்கலாம், ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கலாம், நினைத்தபோது மாற்றலாம்.

நீயே செய்துவிடலாம். அடிப்பலகை 3½ அங்குல அகலம், பின்பலகையும் அதே அளவு, படம் நழுவாமல் இருக்க முன்னால் 1½ அங்குல ரீப்பர். மூன்றும் முக்கால் அங்குலக் கனம். அளவு சொன்னால் மரக்கடையிலேயே அறுத்து இழைத்துத் தருவார்கள். பழைய தேக்கு கிடைத்தால் விடாதே. கதவாகவும் ஜன்னலாகவும் பல வருஷம் வெயில் மழை பார்த்த மரம் லேசில் வளையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பார். கள்ளிப்பெட்டிப் பலகையும் போதும். ஈரம் காயாத மரம் மட்டும் வேண்டாம், காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

பின்பலகையை அடிப்பலகையின் மேல், பின்விளிம்பை ஒட்டி நிறுத்து. ஃபெவிகால் தடவி, அடியிலிருந்து திருகாணி போடு. முதலில் சின்னதாகத் துளை போட்டுக்கொள், இல்லாவிட்டால் ஓரத்தில் மரம் பிளந்துவிடும். ரீப்பரை அடிமட்டத்தோடு சேர்த்து ஒட்டினால் மேலே முக்கால் அங்குலம் எழுந்து நிற்கும். அதற்கு மேல் போனால் படத்தை மறைக்கும். உப்புத்தாளை ரேகை ஓடும் பக்கமே தேய். குறுக்கே விழுந்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

பின்பலகை வழியாகச் சுவரில் திருகி மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதே, உள்ளே வயர் ஓடும். புது அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி கல் கட்டியிருப்பார்கள். அதில் திருகாணிக்கு வைக்கும் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்கென்று தனி பிளக் கேட்டு வாங்கு. குளியலறையை ஒட்டிய சுவரும் மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் படங்களை உத்தரத்துக்குக் கீழே, முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் எட்டவே எட்டாது. நீ உன் பையன் கண்ணுக்கு நேராக மாட்டு. அவன் எடுத்துப் பார்க்கட்டும், "இது யாரு?" என்று கேட்கட்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டுவிட்டால் கீழே விழுந்தாலும் பயமில்லை.

தாத்தா படம் என்றால் நம் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது, காரியத்துக்காக பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்ட அந்த விறைத்த முகம்தான். அது பூஜை அலமாரிப் பக்கமே இருக்கட்டும். தட்டில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை வை. உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்தே வை, ஒரு தோஷமும் கிடையாது.

அசலை வைக்காதே, பிரதி எடுத்து வை. கறுப்பு வெள்ளைப் படங்கள் சில கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல். அசல்களை ராமபாணப் பூச்சி அண்டாத, ஈரமில்லாத பெட்டியில் வை.

இன்னொன்று, படத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதுவதைத் தள்ளிப் போடாதே. பழைய போட்டோக்களில் இருக்கும் கல்யாணக் குரூப் போட்டோவில் யார் யார் என்று பெரியத்தைக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் பார்வை மங்கி வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே படத்தோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் எழுதிக்கொள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.

அன்புடன்,
பெரியப்பா