அப்பத்தா வீட்டுப் பனி

ஜனவரியில் பள்ளி திறந்தால் போதும், என் கிளினிக்கில் ஒரே பல்லவிதான். "அரையாண்டு லீவுக்கு ஊருக்குப் போனோம் டாக்டர், அப்பத்தா வீட்டுப் பனி பிள்ளைக்கு ஒத்துக்கல." வருஷாவருஷம் கேட்கிறேன். அம்மாச்சி வீட்டுப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் எந்தத் தாயும் இதுவரை சொன்னதில்லை.

"மூக்கு எப்போ ஒழுக ஆரம்பிச்சது?" என்று கேட்பேன். "போன மறுநாளே!" அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது. சளியைத் தருவது பனியல்ல, வைரஸ். அதில் ரைனோவைரஸ் ஒன்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். உள்ளே நுழைந்த வைரஸ் மூக்கை ஒழுகவைக்கப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு அது ஒட்டியது பரீட்சை எழுதிய வகுப்பறையிலோ, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு எல்லோரும் நெருக்கியடித்து வந்த காரிலோ இருக்கும். பழி மட்டும் அப்பத்தாவுக்கு.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே சளியை ஆராய்வதற்கென்றே 1946-இல் ஒரு மையம் தொடங்கினார்கள். வெந்நீரில் குளித்த ஆட்களை ஈரத்தோடு காற்று வீசும் நடையில் நடுங்க நிறுத்தினார்கள். பிறகு ஈரக் காலுறையோடு உலவவிட்டார்கள். குளிர் மட்டும் பட்டவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை. வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்தில் கடல் உறைந்து கப்பல் வராத கடுங்குளிரில் சளி அடங்கிவிடும்; வசந்தத்தில் முதல் கப்பல் வந்ததும் ஊரே தும்மும். மூக்கு குளிர்ந்தால் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தளரும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, இருக்கட்டும். வைரஸ் இல்லாமல் சளி இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி விடியலில் 20 டிகிரி சுமாருக்கு இறங்கும். சென்னையில் உங்கள் படுக்கையறை ஏசி எத்தனையில் ஓடுகிறது? வாசலில் பூசணிப்பூ வைத்துக் கோலத்தை முடிக்கும் அப்பத்தாவின் பக்கத்தில் நிற்க வேண்டிய பிள்ளை, குரங்குக் குல்லாவோடு சன்னல் அடைத்த அறைக்குள் ஐந்து பேர் மூச்சுக்கு நடுவே கிடக்கிறது. வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பனிக்காற்றில் வீசிங் வருகிற பிள்ளையென்றால் அது வேறு சங்கதி. இன்ஹேலரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மற்றவை சில்லறை. தண்ணீர் மாறினால் சளி பிடிக்காது. அசுத்தமான தண்ணீரென்றால் வயிற்றுப்போக்கு வரும், காய்ச்சிக் கொடுங்கள். கொய்யாப்பழம் சளி என்று பிடுங்கி வைக்காதீர்கள். ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி அதிகம். மதியம் சாப்பிடும் தயிருக்கும் இதில் பங்கில்லை. போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒன்றை மட்டும் நான் லேசில் விடமாட்டேன்: கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் கற்பூர எண்ணெய் தேய்க்கிறீர்களே, அது உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். நிறுத்துங்கள்.

பிள்ளைக்கு வந்த சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். அதே வைரஸ் எழுபது வயது நுரையீரலில் இறங்கினால் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். ஊருக்குச் சால்வை வாங்குகிறீர்கள், ஹார்லிக்ஸ் வாங்குகிறீர்கள். அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா என்று நான் கேட்டால் என்னை ஒருமாதிரி பார்க்கிறீர்கள். எல்லாச் சளியையும் அது தடுக்காது. ஃப்ளூ முற்றி ஆளைச் சாய்ப்பதைக் குறைக்கும். போட்டபின் பலன் தர இரண்டு வாரமாகும். ஆகவே டிசம்பர் பிறந்ததுமே போன் போட்டுச் சொல்லுங்கள். கிளம்புகிற அன்று பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறதா? பயணத்தைப் பொங்கலுக்குத் தள்ளிப்போடுங்கள். முறுக்கு நமுத்துப்போகும் என்று அப்பத்தா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.