விபத்தைப் படித்தவருக்கே புரொமோஷன்

மலேசியாவின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. விபத்து ஏன் நடக்கிறது என்று விளக்கத் தெரிந்தவர்தான் குறைவு. சூப்பர்வைசர் பதவிக்குக் குறிவைப்பவர் கவனிக்க வேண்டியது இது.

1. தியரி இரண்டு போதும். 1931-இல் பாதுகாப்பு நிபுணர் ஹெய்ன்ரிச் சொன்னது டோமினோ தியரி: காரணங்கள் ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கும், நடுவில் ஒன்றை உருவினால் விபத்து நிற்கும். 88 சதவீத விபத்துக்கு ஆளின் செயலே காரணம் என்றும் எழுதினார். அந்தக் கணக்கை இன்று பலர் ஏற்பதில்லை. பின்னால் வந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், ஒவ்வொரு பாதுகாப்பும் ஓட்டை விழுந்த சீஸ் துண்டு என்றார். ஓட்டைகள் நேர்கோட்டில் வரும்போது அடி விழும்.

2. காரணத்தை ஆளோடு நிறுத்தாதீர்கள். பிரஸ் மெஷினில் இரு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கிவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுகிறார் ஆபரேட்டர். விரல் போனால் தப்பு அவருடையது மட்டுமா? டார்கெட்டை ஏற்றியது யார்? ரவுண்ட்ஸ் வந்தவர் டேப்பைப் பார்த்தும் ஏன் பேசவில்லை? இன்டர்வியூவில் இப்படி அலசுங்கள். மற்றவர்கள் "கவனமாக வேலை செய்வேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

3. நியர் மிஸ்ஸை, அதாவது மயிரிழையில் தப்பிய விபத்தை, எழுதிக் கொடுங்கள். எங்கே, எப்போது, என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்யலாம்: நாலு வரி போதும். யார் பெயரையும் இழுக்காதீர்கள். சக ஊழியரின் பகை மிஞ்சும், ஓட்டை அடைபடாது.

4. கிளவுஸை முதலில் சொல்லாதீர்கள். ஆபத்தையே நீக்க முடியுமா, மாற்று உண்டா, தடுப்பு போடலாமா, வேலைமுறையை மாற்றலாமா என்று வரிசையாகப் பாருங்கள். கிளவுஸும் ஹெல்மெட்டும் கடைசி.

5. சட்டத்தைக் கையில் வையுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். உடனடி ஆபத்தைச் சொல்லியும் நிர்வாகம் அசையாவிட்டால், அங்கிருந்து விலக உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு அதிகாரி கட்டாயமில்லாத நிறுவனத்திலும், 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் தேவை. அந்தப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். கம்பெனிக்கு எப்படியும் ஒருவர் வேண்டும், அது நீங்களாக இருக்கட்டும்.