சோலார் வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பெங்களூரின் நீலசந்திராவில் மின்சாரம் போனால் கடை விளக்கும் வைஃபையும் நிற்கக் கூடாதென்று பவர் ஸ்டேஷன் என்ற பேட்டரிப் பெட்டியை வாங்குகிறவர்கள், அடுத்து உன்னிடம்தான் பேனல் கேட்டு வருவார்கள். அவர்கள் கேட்பது வாட். எஸ்.பி. ரோட்டில் பேனல் விற்கும் கடைக்காரர் சொல்வதும் வாட். நீ மட்டும் பேனலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படி. அதில் வி.ஓ.சி. என்று ஓர் எண் இருக்கும். எதையும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் பேனல் காட்டும் வோல்ட் அது. பெட்டி பிழைப்பதும் சாவதும் அந்த எண்ணில்தான்.

வாட் கொஞ்சம் கூடினால் பெரும்பாலான பவர் ஸ்டேஷன்கள் தங்களால் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆம்பியரும் பெரும்பாலும் அப்படித்தான். கையேடு அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். பெட்டி தாங்கும் வோல்ட் எல்லையை மீறினாலோ உள்ளே சர்க்யூட் கருகிவிடலாம்.

லேபிளில் உள்ள வி.ஓ.சி. எண் 25 டிகிரிக்கு உரியது. பேனலில் உள்ள செல் குளிர்ந்தால் வோல்ட் ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். 540 வாட் பேனல் ஒன்றின் வி.ஓ.சி. 49.5 வோல்ட், பெட்டியின் எல்லை 50 வோல்ட் என்று வைத்துக்கொள். ஏப்ரல் மதியத்தில் ஒன்றும் ஆகாது. பெங்களூரின் டிசம்பர் விடியலில், 15 டிகிரியில், அதே பேனல் 51 வோல்ட்டை எட்டும். மாட்டிக் கொடுத்து எட்டு மாதம் கழித்துப் பெட்டி செத்தால், காரணம் உன் கணக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: வருஷத்தின் மிகக் குளிர்ந்த காலைக்குக் கணக்குப் போடு, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விடு.

இரண்டு பேனலை சீரியலில் கோத்தால் வோல்ட் கூடும், பேரலலில் கோத்தால் ஆம்பியர் கூடும். '12 வோல்ட் பேனல்' என்று விற்பதன் வி.ஓ.சி. 22 வோல்ட் அளவில் இருக்கும். 28 வோல்ட் எல்லையுள்ள சின்னப் பெட்டிக்கு அதில் ஒன்று சரி. சீரியலில் இரண்டு போட்டால் 44.

கனெக்டர் பொருந்திவிட்டது என்பதற்காக நம்பிவிடாதே. அடாப்டர் ஒயர்களில் பிளஸ், மைனஸ் மாறியே வருவதுண்டு. செருகுமுன் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார். மின்சாரம் ஓடும்போது பேனல் ஒயரின் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்காதே. டி.சி. பொறி எளிதில் அணையாது, கையைச் சுட்டுவிடும்.

நம் பக்கத்து மாடிகள் நெருக்கமானவை. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எப்போது எங்கே விழுகிறது என்று பார்த்துப் பேனலை வை. பெட்டியை வெயிலில் விடாதே.

ஹரீஷ் ஹண்டே 1995-இல் இதே பெங்களூரில் செல்கோ என்ற சோலார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; ஏழை வீடுகளுக்கு சோலார் கொண்டுபோனார். 2011-இல் மகசேசே விருது பெற்றார். வீட்டுக்காரரின் தேவையைக் கேட்டு அதற்கேற்ப அமைத்துக் கொடுத்து, பழுது பார்க்கவும் ஆள் வைத்த நிறுவனம் அது. நீயும் முதலில் கேள்: எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம்?

உள்ளீட்டு எல்லை எழுதப்படாத, கையேடும் இல்லாத பெட்டியை யாராவது கொண்டுவந்தால், எவ்வளவு பணம் தந்தாலும் அதில் பேனலை மாட்டாதே, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்