பாட்டிலா, டின்னா?



பட்டினப்பாக்கம் கடற்கரையில் நாலு பேர் உட்கார்ந்தால் இந்தச் சண்டை நிச்சயம். "மச்சி, பொவண்டோவை கண்ணாடி பாட்டில்ல குடிச்சாதான்டா டேஸ்ட்டு!" என்பான் ஒருவன். "உள்ளே இருக்கிறது ஒண்ணுதானேடா?" என்பான் இன்னொருவன். யார் சொல்வது சரி?

கலரின் 'சுர்' என்பது கார்பன் டை ஆக்சைடு. அழுத்தம் கூடினால் வாயு அதிகம் கரையும்; நாம் படித்த ஹென்றி விதிதான். 1872-ல் ஹிரம் காட் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலில் அந்த அழுத்தமே கோலியைத் தள்ளி வாயை மூடுகிறது.

கண்ணாடியும் டின்னும் வாயுவை விடாது. பிளாஸ்டிக் சுவர் வழியே அது மெல்லக் கசியும். சூட்டில் வேகமாகக் கசியும். சின்ன பாட்டில் சீக்கிரம் சப்பென்றாகும்.

பீர் கதை வேறு. வெளிச்சம் பட்டால் அதிலுள்ள ஹாப்ஸ் சத்து சிதைந்து நாறும். பழுப்பு பாட்டில் இதைப் பெரும்பாலும் தடுக்கும். 1935-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின்னிலோ வெளிச்சமே நுழையாது. உட்பூச்சு இருப்பதால் பானம் உலோகத்தையும் தொடாது. உதடுதான் தொடுகிறது!

சந்தேகமா? ஒரே தேதிச் சரக்கு, ஒரே குளிர்ச்சி. மூன்று கப், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு வேறானதைச் சொல்லவேண்டும். குருட்டாம்போக்கிலேயே 12-க்கு 4 சரியாகும். 8 வந்தால்தான் நாக்கை நம்பலாம்.

கண்ணாடிக் கட்சிக்காரனான நான் கோலாவில் எடுத்தது 5. அன்றைய செலவு முழுக்க என் தலையில்!