கோழியும் காவலும்

பெங்களூரின் ஸ்ரீராம்புரம், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. அருகிலிருந்த பஞ்சாலைகளில் உழைத்தோர் பலர் இங்குக் குடியிருந்தனர். இத்தகைய நெருக்கமான தெருவாயினும், விடுமுறைக்கு நாம் செல்லும் சொந்த ஊராயினும், கோழி வளர்ப்போர்க்கு ஒரு கேள்வி எழும்: கோழியைத் திறந்து விடுவதா, அடைத்தே வைப்பதா?

திறந்து விட்ட கோழி மண்ணைக் கிளறும். புழு, பூச்சி, கரையான், பசும்புல் ஆகியவற்றை உண்ணும். புழுதியில் புரண்டு உடலிலுள்ள செள்ளை உதிர்க்கும். அடைத்தே வைத்தால் இந்த நன்மைகளை அது இழந்துவிடும்.

ஆனால், வெளியில் ஆபத்தும் உண்டு. பெங்களூரின் வானில் கரும்பருந்துகள் வட்டமிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாய்க்கோழி 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சை, பருந்து ஒரு நொடியில் பற்றிச் சென்றுவிடும். காகம், பூனை, நாய், கீரி ஆகியனவும் குஞ்சுகளுக்குப் பகையே. இரவில் பெருச்சாளியும் பாம்பும் வரக்கூடும்.

கோழிக்கும் தற்காப்பு அறிவு உண்டு. வானிலிருந்து ஆபத்து வந்தால் ஒருவகைக் குரலும், தரையில் வந்தால் வேறுவகைக் குரலும் அது எழுப்பும். முதற்குரலைக் கேட்டவை பதுங்கும். இரண்டாவதைக் கேட்டவை நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும். ஆயினும், பதுங்க இடமில்லாவிடில் எச்சரிக்கையால் பயனில்லை. அந்த இடத்தை அமைத்துத் தருவது நம் கடமை.

முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றின் நிழலோ ஓலைத்தட்டியோ இருந்தால், பருந்து எளிதில் பாய இயலாது. சிறு குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும் வேளையில் மட்டும் கோழிகளைத் திறந்து விடுதல் நன்று. நாள்தோறும் ஒரே குரலில் அழைத்துக் குருணை இட்டால், அவை அழைத்தவுடன் வந்து சேரும். மங்கிய ஒளியில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆதலால் அந்தியில் அது தானே கூடு திரும்பும். அப்போது எண்ணிப் பார்த்துக் கதவை அடைக்க வேண்டும். இறைச்சிக் கழிவை வெளியில் எறியலாகாது. அது பருந்தையும் நாயையும் வரவழைக்கும்.

பருந்தின்மீது கல்லெறிவது தீர்வன்று. அதுவும் தன் குஞ்சுக்கு இரை தேடும் பறவையே. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் காவல் அளிக்கிறது.

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகாது’ என்பது பழமொழி. அன்புடையோர் விதிக்கும் கட்டுப்பாடு துன்பம் தராது. பகலில் திறக்கும் கதவும் அந்தியில் அடைக்கும் கதவும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

அருஞ்சொற்பொருள்

பஞ்சாரம் – கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கிற்கூடை
செள் – கோழியின் உடலில் ஒட்டி வாழும் சிற்றுயிர்
குருணை – உடைந்த அரிசி, நொய்
அந்தி – மாலைப்பொழுது

பயிற்சி

1. கோழியைத் திறந்து விடுவதால் உண்டாகும் நன்மைகள் யாவை?
2. கோழி இருவகைக் குரல் எழுப்புவது ஏன்?
3. ஒலி மரபை எழுதுக: கோழி கொக்கரிக்கும், சேவல் ______, காகம் ______, நாய் ______.
4. இளமைப் பெயரை எழுதுக: கோழிக்குஞ்சு, பூனை______, கீரி______.
5. உங்கள் சொந்த ஊரில் கோழிகளை எவ்வாறு காக்கின்றனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.